தென்சென்னையில் பல்கலைக்கழகக் கூட்டுறவுகளும் நீடித்த வளர்ச்சிக்கான கல்வியும்

இன்றைய தலைமுறையின் தேவையை நிறைவு செய்யும்போதே வருங்காலத் தலைமுறைக்கு உரியதை அழிக்காமல் விடும் வளர்ச்சி நீடித்த வளர்ச்சி எனப்படுகிறது. இதனைப் பேண்தகு வளர்ச்சி என்றும் கூறுவர். இத்தகைய வளர்ச்சிக்குத் தேவையான அறிவையும் திறனையும் மனப்பாங்கையும் தரும் கல்வியே நீடித்த வளர்ச்சிக்கான கல்வி. இக்கல்வியைத் தனியொரு துறையோ தனியொரு நிறுவனமோ முழுமையாக வழங்க இயலாது. பொறியியல், வேளாண்மை, பொருளியல், சமூகவியல் ஆகியவை சேர்ந்தே இதற்குப் பங்களிக்க வேண்டும். ஆகவே இதன் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் கூட்டுறவு வரலாறாகவே அமைந்துள்ளது.

கிண்டி, அடையாறு, தரமணி, மயிலாப்பூர், தியாகராய நகர் ஆகிய பகுதிகளைக் கொண்ட தென்சென்னையும் மத்திய சென்னையும் இவ்வரலாற்றை அறிய ஏற்ற இடங்கள். சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பல உயர்கல்வி நிறுவனங்கள் இங்கு உள்ளன. வெள்ளம், வறட்சி இரண்டையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்ட பகுதியும் இதுவே.

ஏரிகளும் கல்விக்கூடங்களும்

சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இது லண்டன் மாநகரம் பெறும் மழையைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனால் இதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். எனவே முன்னோர் ஏரிகளையும் குளங்களையும் வெட்டி நீரைத் தேக்கினர். மயிலாப்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம் ஆகிய ஊர்களை ஒட்டி நீண்டு கிடந்த பெரிய ஏரியும் இவற்றுள் ஒன்று. ஆங்கிலேயர் இதனை லாங் டேங்க் என்று அழைத்தனர்.

1920-களில் நகரம் விரிவடைந்தபோது இந்த ஏரி தூர்க்கப்பட்டது. 1923-25 காலத்தில் அதன் மாம்பலம் பகுதியில் தியாகராய நகர் உருவானது. 1925-இல் தொடங்கப்பட்ட லயோலா கல்லூரியின் வளாகமும் ஏரி இருந்த நிலத்திலேயே அமைந்தது. எஞ்சிய பகுதியில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பிற்காலத்திலும் இதே போக்கு தொடர்ந்தது. ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரவியிருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் குப்பைக்கிடங்குக்கும் குடியிருப்புகளுக்கும் மட்டுமன்றி ஆய்வு நிறுவனங்களுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கியது. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை ஆற்றலுக்கும் உரிய தேசிய நிறுவனங்கள் அச்சதுப்புப் பகுதியில்தான் அமைந்துள்ளன.

கல்வி வளர்ந்த அதே காலத்தில், சில இடங்களில் அதே நிலத்தில், நீர்நிலைகள் மறைந்தன. சென்னையில் நீடித்த வளர்ச்சிக்கான கல்வியைப் பற்றிப் பேசும்போது இந்த முரணை ஒதுக்கிவிட முடியாது.

மேற்கு ஜெர்மனியும் கிண்டிக் காடும்

விடுதலைக்குப் பின் இந்திய உயர்கல்வியில் பன்னாட்டுக் கூட்டுறவு பெரிய அளவில் தொடங்கியது இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் வழியாகவே. மும்பைக் கழகத்துக்கு யுனெஸ்கோ வழியாகச் சோவியத் ஒன்றியமும், கான்பூர்க் கழகத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும், தில்லிக் கழகத்துக்குப் பிரிட்டனும் துணை நின்றன. சென்னைக் கழகத்துக்குத் துணை நின்றது மேற்கு ஜெர்மனி.

1956-இல் மேற்கு ஜெர்மனி அரசு இந்தியாவில் ஓர் உயர்தொழில்நுட்ப நிறுவனம் அமைக்க உதவ முன்வந்தது. 1959-இல் இதற்கான ஒப்பந்தம் பான் நகரில் கையெழுத்தானது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று சென்னை ஐ.ஐ.டி.யை நடுவண் அமைச்சர் ஹுமாயூன் கபீர் தொடங்கிவைத்தார். பி. சென்குப்தோ முதல் இயக்குநரானார். மேற்கு ஜெர்மனி தன் நாட்டுக்கு வெளியே ஆதரித்த கல்வித் திட்டங்களுள் அக்காலத்தில் மிகப் பெரியது இதுவே. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியான ஏறத்தாழ 250 எக்டேர் நிலம் இதற்கு ஒதுக்கப்பட்டது. காட்டின் மற்றொரு பகுதி 1978-இல் கிண்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமான்களும் வெளிமான்களும் இரண்டு இடங்களிலும் வாழ்ந்து வந்துள்ளன.

ஜெர்மனியிலிருந்து ஆய்வகக் கருவிகளும் பட்டறை இயந்திரங்களும் வந்தன. பேராசிரியர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் வந்து பணியாற்றினர். இந்திய ஆசிரியர்கள் ஜெர்மனி சென்று பயிற்சி பெற்றனர். இம்மூன்றில் நெடுங்காலம் பயன் தந்தது மூன்றாவதே. கருவிகள் சில பத்தாண்டுகளில் பழையனவாயின. வந்த பேராசிரியர்களும் ஊர் திரும்பினர். ஆனால் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கற்பித்தனர். அவர்களிடம் படித்தவர்கள் மற்ற கல்லூரிகளில் ஆசிரியர்களாயினர்.

ஆயினும் அக்காலக் கூட்டுறவின் நோக்கம் தொழில்மயமாக்கல். எஃகு, இயந்திரம், மின்சாரம் ஆகியவையே அன்றைய நாட்டின் தேவையாகக் கருதப்பட்டன. ஆறு, ஏரி, கழிவு, காற்று ஆகியவை பொறியியல் பாடத்தில் இடம்பெற்றாலும் அவற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் பாடத்தின் மையத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆதிசேசய்யாவின் பங்கு

வளர்ச்சி என்பதைப் பொருள் உற்பத்தியோடு மட்டும் அளக்கக் கூடாது என்ற கருத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர்களுள் மால்கம் ஆதிசேசய்யா முதன்மையானவர். 1910-இல் வேலூரில் பிறந்த இவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார். பின்னர் யுனெஸ்கோவில் சேர்ந்து 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். ஓய்வுக்குப் பின் சென்னை திரும்பி 1971-இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

1975-இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1978-இல் லயோலா கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கலாம். ஒரு கல்லூரி தன் ஊரின் ஏரியையோ கழிவுநீர்க் கால்வாயையோ பாடமாக்க விரும்பினால் அதற்கு இவ்வுரிமை இன்றியமையாதது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து புதிய பாடம் அமைப்பதற்கும் இதுவே வழி செய்தது.

அவர் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டின் பாசனம், ஆற்றுநீர்ப் பூசல்கள், தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு அடைந்த கேடு, சென்னைக்கு நீர் தரும் புறநகர்க் கிராமங்களின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து பல நூல்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டது. நீர் என்பது பொறியாளரின் கணக்கு மட்டுமன்று, பங்கீட்டின் சிக்கலும் கூட என்பதை இவ்வாய்வுகள் எடுத்துக்காட்டின.

உலக அரங்கும் நீதிமன்றமும்

1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்குப் பின் சுற்றுச்சூழல் கல்வி பன்னாட்டு நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றது. 1977-இல் திபிலீசி மாநாடு அதற்கான கொள்கைகளை வகுத்தது. 1987-இல் புருந்த்லாந்து ஆணையத்தின் அறிக்கை நீடித்த வளர்ச்சி என்ற சொல்லைப் பரவலாக்கியது. 1990-இல் பிரான்சின் தல்வார் நகரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள், தங்கள் நிறுவனங்கள் இத்துறையில் ஆற்ற வேண்டிய கடமைகளைப் பட்டியலிட்டு ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். 1992-இல் ரியோ மாநாடு ஏற்ற செயல்திட்டத்தின் 36-ஆம் இயல் கல்வியைப் பற்றியது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளை நீடித்த வளர்ச்சிக்கான கல்விப் பத்தாண்டு என ஐ.நா. அறிவித்தது. 2015-இல் ஏற்கப்பட்ட 17 இலக்குகளுள் நான்காவது கல்வியையும் பதினேழாவது கூட்டுறவையும் குறிக்கின்றன.

இந்தியாவில் இக்கருத்தைக் கல்லூரி வகுப்பறைக்குள் கொண்டு சேர்த்தது உச்ச நீதிமன்றம். எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வலியுறுத்தியது. நடைமுறை மெதுவாகவே நகர்ந்ததால் 2003-இல் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. அதன்பின் எல்லா இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கும் ஆறுமாதப் பொதுப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. கலை, வணிகவியல், அறிவியல் என எத்துறை மாணவராயினும் இப்பாடத்தைப் படிக்க வேண்டும்.

பாடம் வந்துவிட்டது. அதனைக் கற்பிக்கப் போதிய பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இருந்த நிறுவனங்கள் உதவின.

ஆழ்வார்ப்பேட்டையும் தரமணியும்

1989-இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சி.பி. இராமசுவாமி ஐயர் அறக்கட்டளையும் சேர்ந்து சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையத்தை ஆழ்வார்ப்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் தொடங்கின. பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பாடக்கருவிகள் வெளியிடுதல், கோயில்காடுகளை மீட்டெடுத்தல் ஆகியவை இதன் முக்கியப் பணிகளாயின.

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1987-இல் முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்றார். அப்பரிசைக் கொண்டு 1988-இல் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். தரமணியில் இயங்கும் இந்நிறுவனத்தில் பல்கலைக்கழகங்களின் இசைவோடு முனைவர் பட்ட ஆய்வுகள் நடைபெறுகின்றன. சுற்றுச்சூழல்சார் தொழில்நுட்பத்துக்கான யுனெஸ்கோ-கூஸ்தோ இருக்கையையும் சுவாமிநாதன் வகித்தார். பிச்சாவரத்தில் அழிந்த அலையாத்திக் காட்டை மீட்க, மீனின் முள்ளைப் போலக் கிளை பிரியும் சிறு வாய்க்கால்களை வெட்டி ஓதநீரை உள்ளே விடும் முறையை இந்நிறுவனம் ஊர்மக்களோடு சேர்ந்து கையாண்டது. ஆய்வுக்கூடத்து அறிவும் ஊராரின் அறிவும் இணைந்தால் என்ன விளையும் என்பதற்கு இது மாணவர்களுக்குக் காட்டத்தக்க நல்ல சான்று.

மந்தைவெளியில் 2002-இல் திறக்கப்பட்ட மழை இல்லமும் இங்குக் குறிக்கத்தக்கது. ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் சேகர் ராகவன் தொடர்ந்து எடுத்த முயற்சியின் பயன் இது. மழைநீரை நிலத்துக்குள் செலுத்தும் முறைகளை மாதிரிகளின் வழியாக மாணவர்களும் பொதுமக்களும் இங்குக் காணலாம். 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கிணறு எவ்வளவு ஆழம், மணல் எத்தனை அடுக்கு என்று கேட்டவர்களுக்கு விடை சொல்ல ஓர் இடம் ஆயத்தமாக இருந்தது.

அண்ணா பல்கலைக்கழகமும் தெற்காசிய நீர்க் கூட்டுறவும்

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் உள்ளது. 1978-இல் இக்கல்லூரியை உள்ளடக்கி அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. அதன் நீர்வள மையம் ஒரு முக்கியமான கூட்டுறவில் பங்கேற்றது.

2005-இல் தொடங்கிய அத்திட்டத்தில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம், வங்கதேசப் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நேபாளப் பொறியியல் கல்லூரி, இலங்கையின் பேராதனை முதுநிலை வேளாண் நிறுவனம் ஆகியவை அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தன. ஐதராபாத்தில் இயங்கும் சாசிவாட்டர்ஸ் என்ற தெற்காசிய அமைப்பு இதனை ஒருங்கிணைத்தது. நெதர்லாந்து அரசு நிதி வழங்கியது. எல்லைகளைக் கடத்தல் என்ற பொருள்படும் பெயரைத் திட்டத்துக்குச் சூட்டினர். அப்பெயர் நாடுகளின் எல்லையையும் துறைகளின் எல்லையையும் சேர்த்தே குறித்தது.

தெற்காசியாவில் நீர்ப் பொறியியல் நெடுங்காலம் அணை, கால்வாய், மதகு ஆகியவற்றின் படிப்பாகவே இருந்தது. கடைமடை உழவருக்கு ஏன் நீர் எட்டுவதில்லை, குடிநீருக்காகக் குடத்தோடு நிற்பது ஏன் பெரும்பாலும் பெண்களாகவே உள்ளனர் என்ற வினாக்களுக்குப் பாடத்தில் இடமில்லை. நீர்த்துறை அலுவலகங்களிலும் பெண் பொறியாளர்கள் மிகக் குறைவு. இத்திட்டம் முதுநிலைப் பாடத்தில் சமூகம், பாலினம், சூழலியல் ஆகியவற்றைச் சேர்த்தது. மாணவர்கள் களத்துக்குச் சென்று ஊர்மக்களிடம் கேட்டு ஆய்வு செய்வதைப் படிப்பின் பகுதியாக்கியது. பெண்களுக்கு முன்னுரிமை தந்து ஆய்வுதவித் தொகை வழங்கியது.

இக்கூட்டுறவின் தனிச்சிறப்பு, பணக்கார நாடு கற்பிக்க ஏழை நாடு கற்கும் பழைய முறையிலிருந்து அது விலகியதே. ஒரே பருவமழையையும் ஒத்த சிக்கல்களையும் கொண்ட நான்கு தெற்காசிய நாடுகளின் ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். டாக்காவின் வெள்ள அனுபவம் சென்னைக்கும், சென்னையின் ஏரிப்பாசன அனுபவம் பேராதனைக்கும் பயன்படக்கூடியவை.

இந்தோ-ஜெர்மன் நீடித்த வளர்ச்சி மையம்

2009-இல் சென்னை ஐ.ஐ.டி. தன் பொன்விழாவைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டே, 2010-இல், பழைய நட்பு புதிய வடிவம் பெற்றது. நீடித்த வளர்ச்சிக்கான இந்தோ-ஜெர்மன் மையம் ஐ.ஐ.டி. வளாகத்தில் அமைந்தது. ஜெர்மனியின் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகமும் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இதற்கு நிதியளித்தன. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஜெர்மானியக் கல்வி நிறுவனங்கள் பங்கேற்றன. நீர், கழிவு, ஆற்றல், நிலப் பயன்பாடு ஆகியவை இதன் ஆய்வுத் துறைகளாயின.

முனைவர் பட்ட மாணவர்களின் பரிமாற்றம், இரு நாட்டு மாணவர்களும் சேர்ந்து பயிலும் கோடைகால, குளிர்காலப் பள்ளிகள் ஆகியவை இம்மையத்தின் கல்விப் பணிகள். 1959-இன் ஒப்பந்தத்தோடு இதனை ஒப்பிட்டால் அரை நூற்றாண்டின் மாற்றம் புலப்படும். அன்று ஜெர்மனி கொடுத்தது, இந்தியா பெற்றது. இங்கோ இரு நாடுகளும் செலவைப் பகிர்ந்தன. அன்று பொருள் ஆக்குவது பாடமாக இருந்தது. இப்போது ஆக்கிய பொருள் கழிவான பின் என்ன செய்வது என்பதும் பாடமாயிற்று.

உள்நாட்டுக் கூட்டுறவும் இக்காலத்தில் வளர்ந்தது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. முதன்மைப் பங்காற்றியது. நீர்வளம், சுற்றுச்சூழல் பொறியியல் ஆகியவற்றில் சிறந்த ஆசிரியர்களின் வகுப்புகளை எந்த ஊர் மாணவரும் கட்டணமின்றிக் கேட்க இது வழிவகுத்தது.

வெள்ளம், வறட்சி, ஆயிரம் குளங்கள்

2015 டிசம்பர் முதல் இரு நாட்களில் அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை முதலிய பகுதிகள் மூழ்கின. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீரைத் தேக்கும் இடத்தை இழந்த நகரம் மிகுதியாலும் துன்புறும், குறைவாலும் துன்புறும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்தின.

2018-இல் நெதர்லாந்து அரசு சென்னை, குல்னா, செமாராங் ஆகிய மூன்று ஆசிய நகரங்களுக்கான நீர்த் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன்கீழ்ச் சென்னைக்காக உருவான ‘ஆயிரம் குளங்களின் நகரம்’ குழுவில் நெதர்லாந்து வடிவமைப்பாளர்கள், சென்னை ஐ.ஐ.டி., சதுப்புநில ஆய்வில் ஈடுபட்ட கேர் எர்த் அறக்கட்டளை, கட்டடக் கலைஞர்கள், சமூக அமைப்புகள் ஆகியோர் இணைந்தனர். மயிலாப்பூர்ப் பகுதி அவர்களின் முக்கிய ஆய்வுக்களமாயிற்று. கோயில் குளம், வீட்டு முற்றம், பள்ளி மைதானம், சாலையோரம் ஆகிய ஒவ்வொன்றும் சிறிது நீரைப் பிடித்து வைத்தால் நிலத்தடி நீர் உயரும், வெள்ளமும் தணியும் என்பது இத்திட்டத்தின் அடிப்படை.

முதல் சோதனைப் பணிக்கு ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில் உள்ள, பார்வையற்றோர்க்கும் செவித்திறன் குறைந்தோர்க்குமான லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளி வளாகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பள்ளியின் கழிவுநீரைச் செடிகளின் துணையால் தூய்மைப்படுத்தவும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கவும் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வு ஒரு பள்ளியின் தண்ணீர்த் தேவைக்கு விடையான இந்நிகழ்வில் ஆராய்ச்சி, கல்வி, பயன்பாடு மூன்றும் ஓரிடத்தில் கூடின.

பள்ளிக்கரணையில் எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சர் தலமாக ஏற்கப்பட்டது. கேர் எர்த் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் தொகுத்த பறவை, மீன், தாவரக் கணக்கெடுப்புகள் அதன் மதிப்பை உலகுக்கு உணர்த்த உதவின.

பயனும் குறையும்

இந்த அறுபது ஆண்டுக் கால வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, கூட்டுறவின் பயன் அது விட்டுச்செல்லும் ஆசிரியர்களிலும் பாடத்திட்டத்திலும் உள்ளது. நிதியோடு தொடங்கும் திட்டம் நிதியோடு முடியும். முதுநிலைப் பாடமாக மாறியது தொடரும். கருத்தரங்கோடு நின்றது மறக்கப்படும்.

இரண்டாவது, ஊரின் சிக்கலைப் பாடமாகக் கொண்ட கூட்டுறவே வேரூன்றுகிறது. அடையாற்றின் கழிமுகமும் மயிலாப்பூர்க் குளமும் பள்ளிக்கரணையும் எந்த வெளிநாட்டு ஆய்வகமும் தர முடியாத களங்கள்.

மூன்றாவது குறை பற்றியது. இக்கூட்டுறவுகளின் அறிக்கைகளும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. எந்தத் தெருவில் நீர் தேங்கும், எந்தக் கிணறு உப்பாகும் என்று ஆய்வாளரிடம் சொன்ன மக்களுக்கு அந்த ஆய்வின் முடிவு அவர்களது மொழியில் திரும்பி வருவது அரிது. பெரிய நிறுவனங்கள் பன்னாட்டு ஒப்பந்தங்களைப் பெறும் அளவுக்கு அரசு கலைக் கல்லூரிகள் பெறுவதும் இல்லை. ஆறுமாதச் சுற்றுச்சூழல் பாடத்தைத் தேர்வுக்கு முன்தினம் மட்டும் படித்துவிட்டுச் செல்லும் நிலையும் பல கல்லூரிகளில் உள்ளது.

நான்காவது, கல்வி நிறுவனத்தின் வளாகமே முதற்பாடம். ஏரியிலும் காட்டிலும் எழுந்த நிறுவனங்கள் தம் வளாகத்தில் விழும் மழையையும் வெளியேறும் கழிவையும் எவ்வாறு கையாளுகின்றன என்பதை மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். வகுப்பில் சொல்வதும் வளாகத்தில் செய்வதும் ஒன்றானால் பாடம் மனத்தில் பதியும்.

தென்சென்னையில் அறிவுக்குக் குறைவில்லை. ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சுவாமிநாதன் நிறுவனம் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்று சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. பான், ஆகன், வாகனிங்கன் ஆகிய தொலைநகரங்களோடு அவை கொண்ட உறவு பலன் தந்துள்ளது. அதே அளவு உறவு அவற்றுக்குள்ளும், பக்கத்துத் தெருவின் பள்ளியோடும் கல்லூரியோடும் ஏற்படுமானால் அடுத்த பெருமழையை இந்நகரம் சற்று ஆயத்தமாக எதிர்கொள்ளும்.